மேனேஜருக்கு உடம்பு சரியில்லை

காலையில் திரைச்சீலையை விலக்கியபோதே மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. மேனேஜர் தொட்டியின் மூலையில், கூழாங்கற்களின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. செவுள் மட்டும் வேகவேகமாகத் திறந்து மூடியது. வாலோரத்தில் சிவப்புக் கீற்றுகள். கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள். மற்ற நாளாக இருந்தால் தலையைத் தூக்கி, இப்போது எதற்கு வந்தாய் என்பதுபோல முறைக்கும். இன்று ஒரு துடுப்பு அசைந்தது, அவ்வளவுதான். பின்னால் கட்டிலில் மாமனார் விழித்துக்கொண்டுதான் இருந்தார். திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மேனேஜர் என்பது மீன்தான். ஆரஞ்சு நிறம், தொப்பி வைத்தாற்போல் தலையில் சதை வளர்ந்த தங்கமீன். மாமனார் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். டிப்போ மேனேஜர் ஒருவன் அவரை லீவுக்காக ஆட்டிவைத்த ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. "உப்புன கன்னம், நகராத உடம்பு. லீவு கேட்டா வாயைத் தொறந்து தொறந்து மூடுவான், ஒரு வார்த்தை வராது. அச்சு அசல் அவனேதான்" என்று மீன் வாங்கி வந்த அன்றே பெயரும் வைத்துவிட்டார். தினமும் காலையில் தொட்டி முன்னால் கைகட்டி நின்று, "மேனேஜர் சார், இன்னைக்காவது லீவு உண்டா?" என்று கேட்பார். மீன் வாயைத் திறந்து மூடும். "பாத்தியா, குடுக்க மாட்டான்!" என்று வீடே அதிரச் சிரிப்பார்.

அப்படி வாய் ஓயாத மனுஷருக்குப் பக்கவாதம் முதலில் பறித்துக்கொண்டது பேச்சைத்தான். வலது கையும் காலும் அதோடு போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர், அவர் பார்வை மீன்தொட்டியை விட்டு நகராததைக் கவனித்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "எதையாவது ஆசையா பாக்குறார்ல, அதை விட்டுறாதீங்க. பாதிப் பேர் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துடுறாங்க. அப்புறம் நாம என்ன செஞ்சாலும் எழுந்துக்க மாட்டாங்க."

அதைக் கேட்டதும் அவள் கை பரபரத்தது. அவள் பிறவி அப்படி. வேலையும் அதற்குத் தோதாகவே அமைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவு. கத்தரிக்கோலின் மூட்டுக்குள் ஒளிந்திருக்கும் துளி ரத்தத்தைக்கூடப் பிரஷ் போட்டுத் தேய்த்து, கட்டி, நீராவி இயந்திரத்துக்குள் ஏற்றி இறக்கினால்தான் அவளுக்கு மூச்சு வரும். வீட்டிலும் கதவுப்பிடி, சுவிட்சு எதையும் விடமாட்டாள். மாமனார் அவளுக்கு வைத்த பெயர் 'சோப்பு'. "சோப்பு வருது, எல்லாரும் கையை நீட்டுங்கப்பா" என்பார். இருவருக்கும் நேருக்கு நேர் சண்டை என்றால் அது பால்கனி வாளிகளுக்காகத்தான். மீனுக்கென்று அவர் தண்ணீர் பிடித்து நாள் முழுக்க அப்படியே விட்டுவைப்பார். தேங்கின தண்ணீர் ஆகாது என்று இவள் அதை எடுத்துத் தரை துடைத்துவிடுவாள். "என் தொட்டியில மட்டும் கை வச்சுப் பாரு" என்று அவர் குதிப்பார். ஏன் என்று விளக்கமாட்டார். அவளும் கேட்டதில்லை.

போன வாரம் கை வைத்தாள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தொட்டி பாசி பிடித்துப் பச்சையாகியிருந்தது. அவர் ஆசையாகப் பார்ப்பது இந்தச் சாக்கடையையா என்று மனசு கேட்கவில்லை. மீனை வாளியில் விட்டாள். கற்களைக் கொதிக்க வைத்தாள். வடிகட்டிக்குள் இருந்த பஞ்சு காப்பிப் பொடியில் முக்கியதுபோல் இருந்தது. அதைப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, வெந்நீரில் அலசி அலசிப் புதுசாக்கினாள். குழாயிலிருந்து பளிங்குபோல் தண்ணீர் பிடித்து நிரப்பினாள். அந்த நேரம் முழுக்க மாமனார் "ஆ… ஆ…" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். பெட்பேன் வேண்டுமோ என்று எடுத்துக்கொண்டு ஓடினாள். அதில்லை. "சந்தோஷம்டி. அப்பா கைதட்டுறாரு" என்றான் கணவன். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனிதர் மனசை நாம் இப்படிக் குளிரவைத்ததில்லையே என்று நினைத்துக்கொண்டாள். சுத்தமான துணி எடுத்துவந்து ஒற்றிவிட்டாள்.

இன்று வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மீன்கடைக்குப் போனாள். கல்லாவில் இருந்த பெண் போனில் பேசிக்கொண்டே கேட்டாள்.

"தொட்டியைக் கழுவுனீங்களாக்கா?"

"ஆமா. சுத்தமா."

"பஞ்சையுமா?"

"பிளீச்சிங் பவுடர் போட்டு. அப்புறம் கொதிக்கிற தண்ணில."

அந்தப் பெண் போனைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ அக்கா. அந்த அழுக்குலதான் நல்ல கிருமி எல்லாம் இருக்கும். மீனோட கழிவை அதுதான் தின்னும். அது செத்துப் போச்சுன்னா மீன் அதோட கழிவுலயே மூச்சு முட்டிக் கிடக்கும். போதாததுக்குப் பச்சைக் குழாய்த் தண்ணி வேற. ஒரு நாள் வாளியில விட்டு வச்சாதான் அதுல இருக்குற குளோரின் போகும்."

"பொழைக்குமா?"

"சொல்ல முடியாதுக்கா." தன் தொட்டி ஒன்றிலிருந்து ஊறிப்போன பஞ்சை எடுத்து, அதில் ஒரு துண்டைக் கத்தரித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்க ஒரு சொட்டு மருந்துக் குப்பியும் தந்தாள். "இதை உங்க தொட்டித் தண்ணிலயே பிழிஞ்சுட்டு, வடிகட்டில வையுங்க. தயவு செஞ்சு இதையும் கழுவிடாதீங்க."

பஸ் நிறுத்தத்தில் அந்தப் பழுப்புப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல கிருமி. இத்தனை வருஷ வேலையில் யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை. அப்போதுதான் கட்டில் கம்பிச் சத்தம் காதில் வந்து விழுந்தது. அது கைதட்டல் இல்லை. வேண்டாம், வேண்டாம் என்று மனுஷர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். நான் கண்ணைத் துடைத்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவமானத்தில் காது மடலெல்லாம் சுட்டது. வந்து நின்ற பஸ்ஸில் ஏறக்கூட மறந்து நின்றாள்.

வீட்டுக்குள் நுழைந்தால் கட்டிலுக்குப் பக்கத்தில், கதவுப்பிடியில், காற்றடைத்த பிளாஸ்டிக் பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில், தொப்பி வைத்த தங்கமீன் துறுதுறுவென்று சுற்றியது.

"எப்படி, அச்சு அசல் அதே மாதிரி இல்ல?" என்றான் கணவன். நல்லவன்தான், அப்பா மேல் உயிரையே வைத்திருப்பவன்தான். "அது போயிடுச்சுன்னா சத்தமில்லாம இதை விட்டுடலாம். அப்பாவுக்கு வித்தியாசமா தெரியப்போகுது?"

கட்டிலில் ஆள் இல்லாததுபோலத்தான் சொன்னான். எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள், பார்க்க வந்தவர்கள், டாக்டர், அவளும்கூட. மாமனார் பையை ஒரு தடவை பார்த்தார். பிறகு இடது கையால் கம்பியைப் பிடித்து இழுத்து, படாத பாடுபட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பயிற்சிக்காரர் சொன்ன வார்த்தை நினைவுக்கு வர, அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"அது உசிரோட இருக்குங்க. அதுக்குள்ள மாத்து ஆளா? முதல்ல இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

"நான் என்ன தப்பா—"

"போங்கன்னா!"

அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி இருந்தது. அவள் அதற்குள் நுழைந்து மண்டியிட்டாள். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"மாமா. நான்தான் கெடுத்தேன். நீங்க வேணாம் வேணாம்னு கத்துனீங்க. நான் பெட்பேனைத் தூக்கிட்டு வந்தேன்."

கண் திறக்கவில்லை.

"திட்டுறதுன்னா வாய்விட்டுத்…" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அழுகை வந்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியல மாமா. கடைக்காரி என்னென்னமோ சொல்றா. உங்க மேனேஜரை உங்களுக்குத்தானே தெரியும். நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க. ஆமான்னா ஒரு தடவை கண்ணை மூடித் திறங்க. இல்லன்னா ரெண்டு தடவை."

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இந்த வீட்டுக்கு அவர் திரும்பி வந்ததிலிருந்து யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மாத்திரை போடுறோம், திருப்பிப் படுக்க வைக்கிறோம் என்று அறிவித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மெதுவாகக் கண் திறந்தது. சிவந்துபோன கண். அவளைப் பார்த்தது.

"பாதித் தண்ணியை மாத்தட்டுமா?"

இரண்டு தடவை.

"கொஞ்சமா? கால்வாசி?"

ஒரு தடவை.

"கல்லுப்பு போடலாமா?" ஒரு தடவை. "சாப்பாடு?" இரண்டு தடவை, படபடவென்று. பழைய கோபம் அதில் இருந்தது. அந்தக் கோபத்தைப் பார்த்து அவளுக்கு உயிர் வந்தது.

அவரைத் தொட்டிப் பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை வைத்தாள். சொன்னபடி கால்வாசித் தண்ணீர் எடுத்தாள். புதுத் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு, கல்லுப்பைக் கரைத்து ஊற்றினாள். ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். மீன் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"மேனேஜர் சாருக்கு இன்னைக்கு நாமளே லீவு குடுத்துடலாமா மாமா?"

அவர் உதட்டின் இடது ஓரம் கொஞ்சம் மேலே போனது.

"பொழைச்சுக்குமா?"

அதற்கு மட்டும் அவர் கண்ணை மூடவில்லை. ஒரு தடவையும் இல்லை, இரண்டு தடவையும் இல்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பஞ்சுத்துண்டை வெறும் கையில் எடுத்தாள். கொழகொழவென்று, மண்வாடை. மூச்சை அடக்கிக்கொண்டு, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுப் பிழிந்தாள். பழுப்பு மேகமாகக் கிளம்பி, கற்களை மூடி, மூலையில் கிடந்த ஆரஞ்சு நிறத்தையும் மூடிவிட்டது. பளிங்குத் தண்ணீர் மறுபடி சாக்கடையானது. பிழிந்த துண்டை வடிகட்டிக்குள் வைத்தாள். மோட்டார் முணுமுணுத்தது.

கை கழுவ எழுந்தாள். அவர் இடது கை நீண்டு வந்து, அழுக்குச் சொட்டிக்கொண்டிருந்த அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது. அவள் கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்தாள். கலங்கல் அடங்குவதாக இல்லை. அதற்குள் எங்கேயோ ஒரு செவுள் அடித்துக்கொண்டிருக்கவேண்டும். இரண்டு பேரும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விரலிடுக்கில் பழுப்புத் தண்ணீர் மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.