ஈய முத்திரை வைத்த கம்பி

வண்டியின் கியர் லீவருக்கு முத்திரை வைத்த ஊர் உலகத்திலேயே லாஸ் கார்தோஸ் ஒன்றாகத்தான் இருக்கும். மின்சார மீட்டருக்கு வைப்பார்களே, அதே போல மெல்லிய கம்பி, முனையில் ஈயத் துண்டு, அதில் ஒரு நம்பர். அங்கே பனிக்காலம் தொடங்கும் ஜூன் முதல் தேதி காலையில் நெலிதா குர்ருமில் நகராட்சி சுகாதாரப் பிரிவு பிக்கப்பில் ஏறியபோது, நாலு சக்கர ஓட்டத்துக்கான சின்ன லீவரை, முன்சக்கரமும் பின்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ‘ஃபோர் ஹெச்’சில் தள்ளி, அசைக்க முடியாதபடி கட்டியிருந்தார்கள். பத்தொன்பது பனிக்காலம் மலையில் வண்டி ஓட்டியவளுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

போன ஆகஸ்டில் குடிநீர்ப் பிரிவு வண்டி ஒன்று பனிக்கட்டியில் வழுக்கிக் கவிழ்ந்தது. ஓட்டியவன் பின்சக்கர ஓட்டத்திலேயே போயிருக்கிறான். புவனோஸ் ஐரிஸிலிருந்து புதிதாக வந்திருந்த வாகனப் பிரிவு டைரக்டர் பெல்த்ராமி அதை வைத்து ஒரு உத்தரவு போட்டார். ஜூன் முதல் செப்டம்பர் வரை எல்லா வண்டியும் எந்நேரமும் ஃபோர் ஹெச்சில்தான் ஓட வேண்டும். முத்திரை உடைந்தால் சஸ்பெண்ட்.

மற்ற டிரைவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நெலிதா மட்டும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓடும். ஃபோர் ஹெச் போட்டால் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்ட கணக்கு. பனியிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் சறுக்க வழியில்லை, இறுக்கம் முழுதும் உள்ளே பல்சக்கரங்களின் மேல் ஏறும், ஒருநாள் உடையும். செங்குத்தான பனிக்கட்டி இறக்கத்துக்கு ஃபோர் ஹெச்சும் போதாது, நாலு சக்கரத்தையும் மெதுவாகச் சுற்றவிடும் ஃபோர் எல் வேண்டும், அப்போதுதான் இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். இவ்வளவையும் எழுதியிருந்தாள். ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி பதில் வந்தது. தெரியாதது தப்பில்லை. தெரிந்தவள் எழுதிக் கொடுத்ததைப் படிக்காமலே நன்றி சொல்கிறவனை என்ன செய்வது?

நெலிதாவின் வேலை, ஊரே மரியாதையாகத் ‘தோன்யா’ என்று கூப்பிடும் சுலேமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவது. சுலேமா அறுபத்தாறு வயதுக்காரி, எல் சோர்ரோ கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆடு வளர்க்கிறவள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் நாலு மணி நேரம் படுத்தாக வேண்டும். ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டர் தார் ரோடு. அதற்குமேல் இருபத்தைந்து கிலோமீட்டர் பனி மூடிய சரளை. வேறு வண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஜூலையில் ஒரு புதன்கிழமை, சுலேமாவை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது கணவாயின் உச்சியில் நெலிதா வண்டியை நிறுத்தினாள்.

“ஏன்டி நின்னுட்ட?”

“கீழ பூரா கண்ணாடியாட்டம் உறைஞ்சு கெடக்கு தோன்யா. ஃபோர் எல்லுக்கு மாத்தாம எறங்குனா நேரா பள்ளத்துலதான் போய் நிப்போம். இந்தக் கம்பி விடமாட்டேங்குது.”

சுலேமா குனிந்து ஈயத்தைத் திருப்பிப் பார்த்தாள். “என் ஆட்டுக் காதுல மாட்டுற நம்பராட்டம் இருக்கு. மாட்டுனவனுக்கு ஆடு இருக்கா?”

“கார் இருக்கு.”

“அப்ப அதோட காதுல மாட்டிக்கட்டும்” என்று சொல்லி, பைக்குள் எப்போதும் கிடக்கும் கத்தியை எடுத்து ஒரே இழுப்பில் அறுத்துப் போட்டாள். “வெட்டுனது நான். வேலைய விட்டுத் தூக்கறதா இருந்தா என்னயத் தூக்கச் சொல்லு.”

ஃபோர் எல்லில் வண்டி முனகிக்கொண்டே, பிரேக்கைத் தொடாமல், ஆள் நடக்கும் வேகத்தில் இறங்கியது. தார் ரோடு வந்ததும் நெலிதா பின்சக்கர ஓட்டத்துக்கு மாற்றினாள். சுலேமா ஊர் வரை தூங்கினாள்.

சாயங்காலம் பெல்த்ராமி டார்ச் அடித்துப் பார்த்தார்.

“முத்திரை எங்கம்மா?”

“அறுத்தாச்சு சார். பேஷன்ட்டு வேணுமா, முத்திரை வேணுமான்னு பாத்தேன்.”

“எதுக்கு இவ்வளவு கோபம்? என் கார் வருஷம் பூரா நாலு சக்கரத்துலதான் ஓடுது. தார் ரோட்டுலதான் ஓடுது. ஒண்ணும் ஆகலையே.”

நெலிதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனிதர் தன் காரை வைத்து ஊர் வண்டிக்கெல்லாம் சட்டம் போட்டிருக்கிறார்! “சார், உங்க கார் வேற ஜாதி. வளைவுல முன்னையும் பின்னையும் தானா விட்டுக் குடுக்கிற ஏற்பாடு அதுக்குள்ள இருக்கு. இந்த பிக்கப்புல அது கெடையாது. நான் எழுதிக் குடுத்தத ஒரு தடவ படிங்க.”

“ஃபோர் வீல்னா ஃபோர் வீல்தானம்மா” என்று சிரித்தபடி பதினைந்து நாள் சஸ்பெண்ட் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

குப்பை லாரி ஓட்டும் ரமீரஸிடம் பிக்கப்பைக் கொடுத்தார்கள். புது முத்திரையும் வைத்தார்கள். நெலிதா அவன் வீட்டுக்கே போய்ச் சொன்னாள்.

“தார் ரோட்டுல வளைவுக்கு வளைவு வண்டி மொரண்டு புடிக்கும். அப்பவே அறுத்துடு.”

“உனக்கென்னக்கா, சொல்லிட்டுப் போயிடுவ. நான் மூணு புள்ளக்காரன். வாயப் பொத்திக்கிட்டு ஓட்டிட்டுப் போறேன்.”

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு முப்பதாவது கிலோமீட்டரில், பனியே இல்லாத காய்ந்த வளைவில், பிக்கப்பின் வயிற்றுக்குள் ‘டமார்’ என்றது. அதற்குப்பின் முன்னும் நகரவில்லை, பின்னும் நகரவில்லை. ரமீரஸ் வயர்லெஸ்ஸில் அழாத குறையாகச் சொன்னான்.

சேதி காதில் விழுந்ததும் நெலிதா பெல்த்ராமியின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். அவர் மாத்தே என்ற இலைத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“மெக்கானிக்கை அனுப்பியிருக்கேன்” என்றார்.

“மெக்கானிக் சுலேமாவோட ரத்தத்தைக் கழுவுவாரா? இன்னிக்கு விட்டா அடுத்த முறை திங்கக்கிழமைதான். அஞ்சு நாள் தாங்குற உடம்பில்ல அது. ஒங்க கார் சாவியக் குடுங்க.”

“அது அதிகாரியோட கார். நீங்க சஸ்பெண்ட்ல வேற...”

“அப்ப நீங்களும் ஏறுங்க.”

மேஜைமேல் கிடந்த சாவியை அவளே எடுத்துக்கொண்டாள். அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

சரளை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, “இதுல ஃபோர் எல் கெடையாது. டயருக்குச் சங்கிலி மாட்டணும், எறங்குங்க” என்றாள். டைரக்டர் பளபளக்கும் ஷூவோடு பனியில் மண்டியிட்டார். விரல் விறைத்து இரண்டு தடவை கொக்கியைத் தவறவிட்டார். நெலிதாவுக்குத் துளிக்கூட இரக்கம் வரவில்லை.

சுலேமா ரோட்டோரத்தில் ஆட்டுத் தோலைப் போர்த்திக்கொண்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறாள். கால் இரண்டும் பூட்ஸுக்குள் கொள்ளாமல் வீங்கியிருந்தன, மூச்சு வாங்கியது. திரும்புகையில் கணவாய் இறக்கத்தில் நெலிதா முதல் கியரிலேயே பிடித்து, அங்குலம் அங்குலமாக இறக்கினாள். நடுவில் கார் ஒருமுறை பக்கவாட்டில் நழுவிச் சங்கிலி கடித்து நின்றது. பெல்த்ராமி மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இங்கதான் அன்னிக்கு அறுத்தோம்” என்றாள் நெலிதா.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள். நோயாளி நாலு மணி நேரம் தாமதம், காரணம் எழுத வேண்டும். நகராட்சி சார்பில் பெல்த்ராமிதான் பேனாவை எடுத்தார்.

“என்ன எழுதறாரு? படி” என்றாள் படுக்கையில் கிடந்த சுலேமா.

நெலிதா அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். “‘ஓட்டுநர் ரமீரஸின் கவனக்குறைவால் வாகனம் பழுது.’”

“அது வெறும் நடைமுறைக்கு எழுதறது...” என்றார் பெல்த்ராமி.

“நீங்க கட்டுன கம்பியத் தொடாம ஓட்டுனதுக்கு அவனா பலி? வெக்கமா இல்ல உங்களுக்கு?” நெலிதா கத்திய கத்தலில் வராந்தாவில் போனவர்கள் நின்றார்கள்.

நர்ஸ் ஊசியோடு குனிந்தபோது சுலேமா கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

“குத்த வேணாம்மா. மொதல்ல அவரு அத அடிக்கட்டும்.”

“அம்மா, ஏற்கனவே ரொம்ப நேரமாச்சு. உசுரோட வெளையாடாதீங்க” என்றாள் நர்ஸ்.

“வெளையாடுறது நான் இல்ல.” மூச்சு வாங்கியதில் ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. “அந்தப் பையன் பேர எடுக்கச் சொல்லு. அப்புறந்தான் கை.”

பெல்த்ராமி சுற்றிலும் பார்த்தார். யாரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. சுவரில் கடிகாரம் ஓடியது. சுலேமாவின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது, கை மட்டும் வெளியே வரவில்லை. அவர் எழுதியதை அடித்தார். ‘காய்ந்த சாலையிலும் நாலு சக்கர ஓட்டத்தைக் கட்டாயமாக்கிய எனது உத்தரவு’ என்று எழுதினார்.

“கீழ பேரு?” என்றாள் சுலேமா.

“போட்டுட்டார்” என்றாள் நெலிதா. சுலேமா கையை நீட்டினாள்.