இருட்டறையில் ஒரு முட்டை

குஞ்சு பொரிப்பகத்தின் இருட்டறையில் இரண்டே பேருக்குத்தான் வேலை. ஒருத்தி ஏழு நாள் சூட்டில் வைத்த முட்டையை விளக்கின்மேல் வைத்துப் பார்த்து, "உயிர்" என்றோ "இல்லை" என்றோ சொல்ல வேண்டும். உயிரென்றால் மற்றவள் அதைத் தட்டில் வைப்பாள். இல்லையென்றால் வாளியில் போடுவாள். பார்த்தவள் வாய்திறக்காமல் எந்த முட்டையும் நகராது.

பார்ப்பவள் சின்னவள். ஐந்து மாதக் கருவைப் பறிகொடுத்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். தட்டைப் பிடிப்பவளுக்கு இருட்டிலும் எல்லாம் தெரியும் என்பதால் பூனைக்கண்ணு என்று பட்டப்பெயர்.

"இன்னைக்கு நான் பாக்கிறேன்டி. நீ தட்டைப் பிடி."

"வேணாங்க்கா. சும்மா நின்னா அழுதுடுவேன்."

முட்டைக்குள் மூன்றாம் நாளில் நெஞ்சு துடிக்கும், ஐந்தாம் நாளில் கண் கருக்கும், இருபத்தோராம் நாளில் குஞ்சு ஓட்டை உடைக்கும். இன்னும் ஐந்து மாதம் போனால் அதுவே முட்டையிடும் கோழி. அவள் பிள்ளைக்குக் கிடைத்ததும் அதே ஐந்து மாதம்தான்.

"உயிர்... உயிர்..."

அடுத்த முட்டையில், உயிரிருந்தால் தெரியும் சிலந்திக்கால் போன்ற ரத்த நரம்புகள் இல்லை. ஓரமாக ஒரு சிவப்பு வளையம் மட்டும் இருந்தது. கரு இறந்து, ரத்தம் ஒதுங்கிய அடையாளம்.

"உயிர்," என்றாள் சின்னவள்.

பூனைக்கண்ணு கையை நீட்டவில்லை. செத்த முட்டை சூட்டில் அழுகி வெடித்தால் தட்டு முழுவதும் பாழ்.

"இன்னொரு தடவை பாரும்மா."

"உயிர்தான்க்கா." அவள் முட்டையை விளக்கிலிருந்து எடுக்கவில்லை. "என் பிள்ளையை எனக்கு யாருமே காட்டலக்கா. துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. பாக்காமலே நான் எப்படி இல்லைன்னு சொல்றது?"

வெளியிலிருந்து சூப்பர்வைசர் கதவைத் தட்டினார். "என்ன, ரெண்டு பேரும் உள்ள அடைகாக்கிறீங்களா? தட்டு எங்கே?"

"விளக்கு சூடாயிடுச்சு சார். ஆறட்டும்," என்றாள் பூனைக்கண்ணு. அவள் பொய் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. அந்தப் பொய்யை ஆண்டவன் மன்னித்திருப்பான்.

பிறகு கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். "வேணுங்கிற மட்டும் பாரு தாயி. யாரும் வர மாட்டாங்க."

சின்னவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு முட்டையை எடுத்து இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் சூடா இருக்குக்கா," என்றாள்.

அந்தச் சூடு அடங்கும்வரை பூனைக்கண்ணு கதவைத் திறக்கவில்லை.