குணபாலனுக்காக ஒரு மன்றாட்டு

முன்னூறு தலைகள் கவிழ்ந்துகொண்டிருக்கின்றன, காற்றில் கதிர் சாய்கிற மாதிரி முன்வரிசையிலிருந்து வாசல்வரைக்கும், சேலைத் தலைப்புகள் நெற்றிக்கு ஏறுகின்றன, மைக் முன்னால் நிற்கிற ரூபவதி டீச்சருக்கு மட்டும் கண்ணை மூட மனம் வரவில்லை, மூடினால் அந்த இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும், எட்டு வருஷமாக வந்துகொண்டுதான் இருக்கிறது, இன்றைக்கு அசனப் பண்டிகை, கோயிலுக்குப் பின்னால் பந்தலில் ஊருக்கே சோறு வெந்துகொண்டிருக்கிறது, முன்வரிசைக்கும் முன்னால் தனியாகப் போட்ட நாற்காலியில் மந்திரி குணபாலன் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார், அவருக்காக அவள் ஜெபிக்க வேண்டும். ஆளுகிறவன் நல்லவனோ கெட்டவனோ, அவனுக்காக மன்றாடுவது விசுவாசியின் கடமை என்று ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான், பிரதமர், முதல்வர், கலெக்டர், எம்.எல்.ஏ. என்று வரிசை தப்பாமல் ஜெபிக்க ஒரு காலத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது, அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, இல்லாமல் என்ன, சபை ஜெபம் என்பதே பாதி ஜெபம் பாதி ஊர்ச்செய்திதானே, யாருக்கு என்ன ஆபரேஷன், யார் மகளுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் ஆண்டவருக்குத் தெரியாது என்பதுபோல விலாவாரியாகச் சொல்வார்கள், மூடியிருப்பது கண்கள் மட்டும்தான், காதுக்கு யார் மூடி போட்டார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் இரவு, தம்பி தியோடர் வீட்டு அடுப்படி வாசலில் நிற்கிறான், சட்டையெல்லாம் ஆற்று மணல், தாயில்லாமல் போனபிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, மணல் லாரியை மறித்த தலையாரியின்மேல் வண்டியை ஏற்றியபோது பக்கத்தில் நின்றவன் அவன், காரின் கண்ணாடியை இறக்கி ஏத்துடா என்று குணபாலன் சொன்னதைக் காதால் கேட்டவன், அப்போது குணபாலன் வெறும் எம்.எல்.ஏ., ஏக்கா, செவ்வாக்கிழம கோர்ட்ல எல்லாத்தையும் சொல்லப்போறேன், யார்ட்டயும் மூச்சு விட்டுராத, ஆண்டவர்ட்ட மட்டும் சொல்லு என்கிறான், சொல்லுதேம்ல, நீ முதல்ல சாப்பிடு என்கிறாள், ரெண்டு தோசைக்கு மேல் அவனுக்கு இறங்கவில்லை, கையைக் கழுவிக்கொண்டு போகிறான். சொன்னாள், ஆண்டவரிடம்தான் சொன்னாள், அடுத்த ஞாயிறு ஆராதனையில், மைக்கில், எங்கள் எம்.எல்.ஏ. குணபாலனுக்கு நல்ல இருதயத்தைத் தாரும் என்று தொடங்கினவள் அந்த வேகத்திலேயே, செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் உண்மையைச் சொல்லப்போகிற என் தம்பி தியோடரை உமது செட்டைகளின் கீழ் மறைத்துக்கொள்ளும் என்று மன்றாடி முடித்தாள், கண்ணீரோடு, முன்னூறு பேரும் ஆமென் என்றார்கள், ஒருவரிடமும் சொல்லிவிட்டதாக அவளுக்குத் தோன்றவேயில்லை, ஜெபத்தில் சொன்னது எங்காவது சொன்னதாகுமா. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே தவளை பிழைத்துக்கொண்டது, திங்கட்கிழமை காலையில் வக்கீலைப் பார்க்கக் கிளம்பினவன்தான் வரவில்லை, பைக் கால்வாய்க் கரையில் ஸ்டாண்டு போட்டு ஒழுங்காக நின்றது, சாவிகூட வண்டியிலேயே இருந்தது, மூன்றாம் நாள் மதகடியில் அவனை எடுத்தார்கள், குளிக்கப் போய் வழுக்கிவிட்டான் என்று போலீஸ் எழுதியது, சாட்சியில்லாத வழக்கு தானாக அவிந்தது, அந்த முன்னூறு பேரில் யார் போய்ச் சொன்னது என்று அவள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை, யாராக இருந்தால் என்ன, எடுத்துக் கொடுத்தது அவள் வாய்தானே.

அதன்பிறகு அவள் கோயிலில் வாய்விட்டு ஜெபித்ததேயில்லை, போன வெள்ளிக்கிழமை ஐயர் வீட்டுக்கு வந்தார், சபைக் குருவானவரை இந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்கள், மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத வெள்ளந்தி மனுஷன், டீச்சர், கோயில் கூரைக்கு மந்திரி உதவி செய்யுதாரு, அசனத்தன்னைக்கு ஆளுகிறவங்களுக்கான ஜெபத்த நீங்கதான் பண்ணணும் என்றார், எனக்குத் தொண்ட சரியில்லய்யா என்றாள், அப்படிச் சொல்லாதிய டீச்சர், மந்திரியே கேட்டிருக்காரு, அந்த டீச்சர் ரொம்ப விவரமா ஜெபிப்பாங்களாமே, அவங்களே ஜெபிக்கட்டும்னு சொல்லியிருக்காரு என்று ஐயர் சிரித்தார், அவள் சரியென்று தலையாட்டினாள், குணபாலன் அதுவரை ஒருநாளும் இந்தக் கோயில் படியை மிதித்ததில்லை.

இப்போது மைக் கொய்யென்கிறது, எல்லாரும் காத்திருக்கிறார்கள், பரம பிதாவே என்று தொடங்குகிறாள், பிரதமர் போகிறார், முதல்வர் போகிறார், கலெக்டர் போகிறார், மந்திரி குணபாலனுக்காக மன்றாடுகிறோம் ஆண்டவரே, இவருக்கு நீடித்த ஆயுசைத் தாரும், கண்டதையும் சொன்னதையும் மறந்துபோகாத நல்ல ஞாபகத்தைத் தாரும், தியோடர் என்ற பெயரை இவர் நாவில் வையும், ஒருநாள் ஜனங்களுக்கு முன்பாக இவரே எல்லாவற்றையும் அறிக்கையிடும்படி செய்யும், இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென் வரவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்பதற்கு முன்பே வந்த ஆமென், பந்தலில் அண்டாவைக் கிண்டுகிற சத்தம் கேட்கிறது, ஒரு தலையும் நிமிரவில்லை, ஐயர் புரியாமல் புத்தகத்தைப் புரட்டுகிறார், அவள் செத்தாலும் இந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஆமென் என்றது ஒரு குரல், நிதானமாக, அழகாக, அந்தத் தனி நாற்காலியிலிருந்து, உடனே, அனுமதி கிடைத்ததுபோல, முன்னூறு வாய்களும் ஆமென் என்றன, கவிழ்ந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்கின்றன, ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை, குணபாலன் மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கிறார், லேசாகச் சிரிக்கிறார், அவளுக்குப் பயமாக இருந்தது, இன்றைக்கு வீடு போய்ச் சேருவோமோ என்றுகூட இருந்தது, ஆனாலும் பார்வையை எடுக்காமல், மைக்கில் இல்லாமல், உதடுகூட அசையாமல் சொன்னாள், அப்படியே ஆகட்டும் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டான் ஆண்டவரே, நீர் கேட்டீரல்லவா.