க்சாவியேவின் ஃபாரம்

ஃபாரம் நிரப்புவதில் நான் கெட்டிக்காரன். புதுச்சேரி லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைக்கு வேறென்ன கெட்டிக்காரத்தனம் வரும்? அப்பா பொதுப்பணித் துறையில் கிளார்க். கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத என்னை ஆறாம் வகுப்பிலேயே பழக்கிவிட்டார். பக்கத்துத் தெருவில் இருந்த க்சாவியே வீட்டுக்கும் நான்தான் ஆஸ்தான எழுத்தர். கேஸ் சிலிண்டர், டெலிபோன், பேங்க் என்று எது வந்தாலும் அவன் அம்மா எலிஸபெத் ஆன்ட்டி எனக்குச் சொல்லி அனுப்புவார். பிரெஞ்சில் எழுத வேண்டியதை அவர் எழுதிக்கொள்வார், இங்கிலீஷில் எழுத வேண்டியது என் தலையில். நான் எழுதியதை அந்த வீட்டில் யாரும் படித்துப் பார்த்ததே கிடையாது. நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். எனக்கு ஒரு துண்டு கேக் வரும்.

அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள். க்சாவியேவின் அப்பா பெஞ்சமேன் பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதே முருங்கைக்காய் சாம்பார், அதே கரண்ட் கட், பீரோவில் மட்டும் வேறு நிறத்தில் ஒரு பாஸ்போர்ட். பதினாறு வயதில் க்சாவியே தன் பெயரைப் பதிவு செய்ய பிரெஞ்சு கான்சுலேட்டுக்குப் போனபோது, வெளியே வெயிலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். எனக்குத் தெரியாது என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

சேதராப்பட்டில், இன்ஜின் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் செய்யும் சின்ன ஃபேக்டரி வைத்திருந்த கோவிந்தசாமிக்குக் கார் பந்தயப் பைத்தியம். தானே ஓட்ட ஆசைப்பட்ட மனிதர். தொப்பை உள்ளே நுழையவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து மைதானத்தில் கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டி ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, 2004ஆம் வருட ஜூனியர் சாம்பியன்ஷிப்புக்கு இரண்டு வண்டிகளை இறக்கினார். ஒருவர் மட்டும் உட்காரும் வண்டி, கூரை கிடையாது, நான்கு சக்கரமும் உடம்பை விட்டு வெளியே நிற்கும். உட்கார்ந்தால் முதுகுக்கும் தரைக்கும் நாலு விரல் இடைவெளி. சாலையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டே போவது போல் இருக்கும்.

மொத்தம் ஐந்து சுற்று. சாம்பியன் ஆகிறவனுக்கு அடுத்த வருடம் பெரிய பிரிவில் இலவசமாக ஒரு வண்டி. எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கிடைத்தால்தான் உண்டு. கிடைக்காவிட்டால் ஹெல்மெட்டைப் பரணில் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக வேண்டியதுதான்.

ஜனவரியில் ஒரு நாள், ஃபேக்டரியின் பின்பக்க ஷெட்டில் உட்கார்ந்து எங்கள் இருவரின் விண்ணப்பங்களையும் எழுதினேன். க்சாவியே வண்டிக்கு அடியில் படுத்திருந்தான்.

"சீக்கிரம் எழுதுடா கலை, கொரியர்காரன் கெளம்பறான்" என்று கோவிந்தசாமி கத்தினார்.

முதலில் என்னுடையது, பிறகு அதைப் பார்த்து அவனுடையது. பெயர், முகவரி, இரத்த வகை. குடியுரிமை என்ற இடத்தில் எனக்கு 'இந்தியன்' என்று எழுதினேன். அவனுக்கும் 'இந்தியன்' என்று எழுதினேன். எந்த யோசனையும் இல்லை, கை தானாகப் போனது. க்சாவியே அடியிலிருந்து வெளியே வந்து, கிரீஸ் கையோடு கையெழுத்துப் போட்டான். அவன் கட்டை விரல் தாளின் ஓரத்தில் கறுப்பாகப் பதிந்தது. வழக்கம்போல அவனும் படித்துப் பார்க்கவில்லை.

இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான் புள்ளி, வெளிநாட்டவர் ஓட்டலாம், ஆனால் அவர்களுக்குத் தனிப்பட்டியல் என்று விதிப்புத்தகத்தில் இருந்ததாம். அந்தப் புத்தகம் ஷெட்டில் டீ கிளாஸ் வைக்கப் பயன்பட்டது.

க்சாவியே என்னைவிட நன்றாக ஓட்டினான். இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது, ஆனால் உண்மை. ஒரு வளைவுக்கு நான் பிரேக் அழுத்தும் இடத்திலிருந்து இன்னும் பத்து மீட்டர் தள்ளிப் போய்த்தான் அவன் அழுத்துவான். கோயம்புத்தூரில் நடந்த முதல் சுற்றில் அவன் ஜெயித்தான். இரண்டாவதில் நான். மூன்றாவதில் என் வண்டியின் கியர் சிக்கிக்கொண்டது, அவன் ஜெயித்துவிட்டு நேராக என் வண்டிக்கு வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கியர்பாக்ஸைத் திறந்தான். அப்படி ஒரு ஜென்மம். கோபப்படக்கூட விடமாட்டான்.

ஜூலை பதினான்காம் தேதி, பிரெஞ்சு தேசிய நாள். கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் சொல்தாக்கள் எல்லாம் மெடல் குத்திக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அந்த வருடம் கொடி பிடிக்க வேண்டியவருக்கு முட்டி வலி. பெஞ்சமேன் அங்கிள் மகனைக் கூப்பிட்டுக் கொடியைக் கையில் கொடுத்தார். மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில் படம் வந்தது. 'பிரெஞ்சுக் குடிமகனான இளம் கார் பந்தய வீரர்' என்று கீழே போட்டிருந்தது. அங்கிள் பத்துப் பேப்பர் வாங்கி வீடு வீடாகக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அம்மா அதை ஃப்ரிட்ஜ்மேல் ஒட்டி வைத்தாள். அதில் ஒரு பேப்பர் கோயம்புத்தூர் வரை போகும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை.

கடைசிச் சுற்று அக்டோபரில், சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில். அன்று காலையில் அவன் என்னைவிட ஐந்து புள்ளி முன்னால். நான் ஜெயித்து அவன் மூன்றாவதாக வந்தால் கோப்பை எனக்கு. கடைசி லேப் வரை நான்தான் முன்னால் இருந்தேன். கண்ணாடியில் அவன் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்துகொண்டே இருந்தது. கடைசி வளைவுக்கு முன்னால் நான் பிரேக்கை அழுத்தினேன். அவன் அழுத்தவில்லை. அந்தப் பத்து மீட்டரில் என்னைத் தாண்டிப் போனான். நான் இரண்டாவது. கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் மூன்றாவது, மொத்தப் புள்ளியிலும் எங்களுக்கு அடுத்து அவன்தான்.

பந்தயம் முடிந்ததும் வண்டிகளை யாரும் தொடாதபடி ஓர் அடைப்புக்குள் பூட்டி வைப்பார்கள். அதற்குப் பேர் 'பார்க் ஃபெர்மே'. எல்லோரும் அதை ஆளுக்கொரு விதமாகச் சொல்ல, க்சாவியே மட்டும் அழகாகச் சொல்வான். "பூட்டின தோட்டம்னு அர்த்தம்டா. இங்க ஒரு செடியக்கூடக் காணோம்" என்று அன்றைக்கும் சொல்லிச் சிரித்தான். அதற்குப் பிறகு பத்து நிமிடத்தில் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். மூன்றாவதாக வந்த பையனின் அப்பா, பேப்பர்ப் படத்தோடு புகார் கொடுத்திருந்தார்.

சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். கோவிந்தசாமியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். மேஜைமேல் க்சாவியேவின் விண்ணப்பம், ஓரத்தில் அந்தக் கட்டை விரல் கறை.

நடுவில் இருந்தவர் கோபப்படாமல் பேசினார். அவன் பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் புள்ளி எல்லாம் எப்படியும் போகும், அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பொய்த் தகவல் என்பது தனிக் குற்றம். எழுதியவர் யாரோ அவருக்கு இந்த வருடப் புள்ளியும் போகும், இரண்டு வருடத் தடையும் உண்டு. "வேற யாராவது தெரியாம எழுதிக் குடுத்திருந்தா சொல்லிடுப்பா. நீ அடுத்த வருஷம் வெளிநாட்டவர் பிரிவுல ஓட்டலாம். இத யார் எழுதினது?"

க்சாவியே என்னைப் பார்த்தான்.

விண்ணப்பத்தில் அவன் டெலிபோன் நம்பர் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அதில் மூன்று ஏழு. லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் ஏழு எழுதினால் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார்கள். இந்த மூன்றிலும் கோடு இல்லை. எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் இது க்சாவியே எழுதியது இல்லை என்று சொல்லியிருக்கும். அந்த மூன்று பேருக்கு அது தெரியவில்லை. 'நான்தான் சார்' என்று நான் சொன்னால் தடை எனக்கு, கோப்பை கோயம்புத்தூருக்கு. சொல்லாவிட்டால் நான் சாம்பியன். அடுத்த வருடம் எனக்கு ஒரு வண்டி. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. நான் ஜன்னல் வழியாக, பூட்டி வைத்திருந்த வண்டிகளைப் பார்த்தேன்.

க்சாவியே மேஜைப் பக்கம் திரும்பினான்.

"நாந்தான் சார் எழுதுனேன்" என்றான்.

கோப்பையை என் கையில் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அதில் நான் சிரித்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் வேனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். அவன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டுவான், அடிப்பான் என்று திண்டிவனம் வரை காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது கத்தி, அழுது, எல்லாம் வெளியே வந்திருக்கும். திண்டிவனத்தில் டீ குடித்துவிட்டு ஏறும்போதுதான் பேசினான்.

"அத மடியில வச்சிக்காதடா. சீட்டுக்கு அடியில வை. எடம் பத்தல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அவர்கள் தெரு வழியாகப் போவதை விட்டேன். விமான நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போவேன். ஒன்றரைக் கிலோமீட்டர் அதிகம். பத்தொன்பது வயதில் அவன் அப்பா மாதிரியே பிரான்ஸ் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான், லாரி ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன். நான்? கிடைத்த வண்டியில் ஒரு வருடம் ஓட்டினேன். எட்டாவது இடம். யாரும் மறுபடி கூப்பிடவில்லை. இப்போது சேதராப்பட்டில் அதே கோவிந்தசாமியிடம், கேஸ்கெட்டில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பாவம் அவர், என்னைச் 'சாம்பியன்' என்றுதான் கூப்பிடுகிறார்.

2008 ஜூனில் எலிஸபெத் ஆன்ட்டி ஆள் அனுப்பினார். வந்தது க்சாவியேவின் தங்கை சிந்தி. எங்கள் வீட்டு கேட்டில் நின்றுகொண்டு, "மம்மா உங்கள வரச் சொன்னாங்க. காலேஜ் ஃபாரம் எழுதணுமாம்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

அதே மேஜை, அதே பிளாஸ்டிக் விரிப்பு. அங்கிள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்து வரவில்லை. ஆன்ட்டி எனக்கு எதிரில் உட்கார்ந்து, சிந்தியின் விண்ணப்பத்தையும் பேனாவையும் வைத்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு பழைய கவரை எடுத்தார். தடை உத்தரவோடு வந்த விண்ணப்பத்தின் ஜெராக்ஸ். விரல் கறை ஜெராக்ஸிலும் விழுந்திருந்தது. டெலிபோன் நம்பரின்மேல் விரலை வைத்தார்.

"க்சாவியே ஏழு எழுதுனா கோடு போடுவான்."

"ஆன்ட்டி..."

"கவரப் பிரிச்ச அன்னிக்கே தெரியும் கலை."

"அப்பவே ஏன் என்னக் கூப்ட்டுக் கேக்கல?"

"கூப்புடத்தான் இருந்தேன். அவன் வேணாம்னுட்டான். 'மம்மா, அவன் தானா வருவான். வந்தா ஒரு கேக் குடு, ஒண்ணும் கேக்காத'ன்னான். பிளேன் ஏறப்போற அன்னிக்குக்கூட வாசலயே பாத்துக்கினு இருந்தான்." ஆன்ட்டி கவரை மடித்தார். "நாலு வருஷம் ஆச்சு. ஒன்ன மாதிரி இங்கிலீஷ்ல எழுத இங்க வேற ஆளு இல்ல. அதான் கூப்ட்டுட்டேன்."

நான் அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். "அத எங்கிட்ட சொல்லி என்னா?" என்றார் ஆன்ட்டி. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். பெயர், முகவரி, இரத்த வகை. குடியுரிமை என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சிந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆன்ட்டி அவள் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"எழுது. என்னான்னு தெரியும்ல?"

'பிரெஞ்ச்' என்று எழுதினேன். முடித்து, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டித் தாளை நீட்டினேன்.

ஆன்ட்டி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, முதல் வரியில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படிக்க ஆரம்பித்தார்.