தட்டைப் பாதத்துக்கு ஒரு நாற்காலி

எங்கள் கடையில் நாற்காலிகள் மட்டும் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. சோபா, கட்டில், மெத்தை எல்லாம் தனி. இவற்றில் எதிலும் வேலை செய்கிறவர்கள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சரக்கு பழசாகிவிடுமாம். வாடிக்கையாளர் உட்காரலாம், அவர்கள் கூட்டிவரும் பிள்ளைகள் செருப்புக்காலோடு ஏறிக் குதிக்கலாம், அப்போதெல்லாம் அது பழசாகாது. பதினோரு வருஷமாக நான் இங்கே சோபா விற்கிறேன். எல்லோருக்கும் நான் சோபாக்கா. ஒரு நாள்கூட அதில் உட்காராமலே அதன் சுகத்தைப் பற்றி ஆயிரம் பேரிடம் அளந்திருக்கிறேன்.

எங்கள் வர்க்கத்துக்கென்று கடையில் இருப்பது ஒரே ஒரு நாற்காலி. பில் போடும் மேஜைக்குப் பின்னால், ஒரு பக்கம் கை உடைந்து, விற்க லாயக்கில்லாமல் கிடப்பது. அதில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் வருஷக் கடைசியோடு நின்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு அதன் மேல் கண். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியும். அவர் சாப்பிடப் போகும் அரை மணி நேரம் தினமும் நான்தான் பில் போடுவேன். அந்த அரை மணி நேரத்தை நம்பித்தான் மீதி நாளை ஓட்டினேன்.

காரணம் என் கால்கள். மத்தியானம் தாண்டினால் உள்ளங்காலின் உள்பக்கம் பிடித்து இழுக்கும். சாயங்காலம் கணுக்கால் வீங்கிவிடும். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். "நாள் பூரா உக்காந்து உக்காந்து என் இடுப்பு போச்சு. உனக்கென்ன, ஜாலியா நின்னுட்டு வர்றே" என்பார். இந்த மனிதரோடு இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், பாருங்கள்.

கடைசியில் ஒரு லீவு நாளில் பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் போனேன். சின்னப் பெண், சிரித்த முகம். என் காலைத் தண்ணீரில் நனைத்து ஒரு பழுப்புக் காகிதத்தின் மேல் நிற்கச் சொன்னாள். காலை எடுத்ததும் காகிதத்தில் ரொட்டித் துண்டு மாதிரி முழுசாக ஒரு ஈரத் தடம்.

"எல்லாருக்கும் நடுவுல உள்பக்கம் காலியா விழும். உங்களுக்கு வளைவு இல்லக்கா. தட்டைப் பாதம்" என்றாள். பிறகு நுனிக்காலில் எம்பி நிற்கச் சொல்லி, குனிந்து பார்த்தாள். "எம்பினா வளைவு வருது. அப்போ இறுகிப்போன பாதம் இல்ல. பயப்படாதீங்க."

"இது வியாதியாம்மா?"

"இல்லக்கா. இந்த மாதிரி கால் எத்தனையோ பேருக்கு இருக்கு. நிறைய பேருக்கு வலியே வராது. வலிக்கிறவங்க மட்டும் கவனிச்சா போதும்."

"எனக்கு மட்டும் ஏன் வலிக்குது?"

"என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

ஷூவுக்குள் வைக்க நடுவில் மேடு உள்ள ஒரு பட்டை கொடுத்தாள். தரையில் துண்டை விரித்து கால் விரலாலேயே சுருட்டி இழுக்க வேண்டும். சுவரில் கையை ஊன்றி ஆடுசதையை நீட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் கிடைக்கும்போதெல்லாம் நுனிக்காலில் மெதுவாக எம்பி மெதுவாக இறங்க வேண்டும். "அப்புறம் அடிக்கடி உக்காருங்க" என்றாள். முதலாளியிடம் காட்டச் சொல்லி ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தாள்.

கடிதம் என் கைப்பையிலேயே கிடந்தது. பீரோ பகுதியில் இருந்த பெண் முட்டி வலி என்று முதலாளியிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "அடடா, நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா" என்று உருக்கமாகச் சொன்னார். அடுத்த வாரமே பீரோ பகுதியில் வேறு பெண் நின்றாள். முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாருக்காவது வலி என்றால் அவரால் கண்கொண்டு பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

பயிற்சியை மட்டும் விடவில்லை. மறந்துவிடக் கூடாது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். கடைக் கதவைத் திறந்தால் மணி அடிக்கும். மணி அடித்தால் ஒரு சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவை எம்பி இறங்குவேன். இரண்டு மாதத்தில் வலி பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு நாற்காலி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மாடியில் முதலாளியின் அறையில் கேமரா திரை இருப்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஒரு நாள் காலையில் எல்லோரையும் சாப்பாட்டு மேஜைகள் பகுதிக்குக் கூப்பிட்டார். பன்னிரண்டு நாற்காலி போட்ட மேஜையைச் சுற்றி நாங்கள் பன்னிரண்டு பேர் நின்றோம். சுவரில் இருந்த டி.வி.யில் கேமராவில் பதிவான படம் ஓடியது. கதவு திறக்கிறது, நான் எம்புகிறேன். மறுபடி கதவு, மறுபடி நான்.

"பாருங்க" என்றார் முதலாளி. குரல் தழுதழுத்தது. "கஸ்டமரைப் பார்த்ததும் இந்தம்மாவுக்கு உடம்பே எழும்புது. இதைச் சொல்லிக் குடுத்து வரவைக்க முடியாது. ஆனா நாளையிலருந்து எல்லாரும் செய்யணும்."

வாயைத் திறந்திருக்கலாம். எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கு வெட்கமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, கமுக்கமாக இருந்துவிட்டேன். அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மறுநாளிலிருந்து மணி அடித்தால் பன்னிரண்டு பேரும் எம்பினோம். உள்ளே வந்த சிலர் தாங்கள் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான்காம் நாள் மெத்தைக்காரருக்கு எம்பிய இடத்திலேயே ஆடுசதை பிடித்துக்கொண்டது. மெத்தைகள் விற்கும் மனிதர், அதனால் விழுந்தது நல்ல இடம். ஆனால் மெத்தை வாங்க வந்த ஒரு குடும்பத்தின் முன்னால் விழுந்து, "அய்யோ அம்மா" என்று புரண்டார்.

வருஷக் கடைசி வந்தது. நாற்காலியை மெத்தைக்காரருக்குக் கொடுத்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறினேன்.

முதலாளி மெத்தென்ற தோல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "வாங்கம்மா. நானே கூப்பிடணும்னு இருந்தேன். இனிமே முழுக் கடைக்கும் நீங்கதான் பொறுப்பு. எல்லாப் பகுதியையும் சுத்திச் சுத்திப் பார்த்துக்கணும்."

"எனக்கு பில் போடுற வேலை வேணும் சார்."

"நான் எம்பச் சொல்லித்தானே அவருக்குக் காலு பிடிச்சுக்கிச்சு, பாவம். உங்களை மாதிரி சுறுசுறுப்பான ஆளை ஒரு நாற்காலியில போட்டு வீணாக்க முடியுமா?"

"அது சுறுசுறுப்பு இல்ல சார். வைத்தியம்."

கடிதத்தை மேஜை மேல் வைத்தேன். படித்தார். நான் எதிர்பார்த்த உருக்கம் வரவில்லை. முகம் மலர்ந்தது. குனிந்து ஒரு ஷூவையும் காலுறையையும் கழற்றி, காலை மேஜை விளிம்பில் தூக்கி வைத்தார்.

"இதைப் பாருங்க."

பார்த்தேன். என் காலே தோற்கும். சப்பட்டையோ சப்பட்டை.

"பொறந்ததுலருந்து இப்படித்தான். இந்தக் காலை வச்சுக்கிட்டுத்தான் இத்தனை பெரிய கடையைக் கொண்டுவந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வலின்னு சொன்னதில்ல. எல்லாம் மனசுலதாம்மா இருக்கு."

"சார், ஒரு நாளைக்கு நீங்க எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. விட்டத்தைப் பார்த்து நிஜமாகவே யோசித்தார்.

"நிக்கிறதா?" என்றார். "எதுக்கு?"

படி இறங்கினேன். கீழே வந்ததும் இரண்டு கால்களும் விண்விண் என்று தெறித்தன. வீட்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும், பஸ்காரர் சம்பளத்தில் கொஞ்ச நாள் இழுத்துப் பிடித்து ஓட்டலாம். கடையின் நட்டநடுவில், கேமராவுக்கு நேர் எதிரே, மூன்று பேர் உட்காரும் சாம்பல் நிற சோபா இருந்தது. நடு இடத்தில் உட்கார்ந்தேன். ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டேன்.

பில் மேஜையில் போன் அடித்தது. மெத்தைக்காரர் எடுத்துக் கேட்டார். பிறகு போனின் வாய்ப்பகுதியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, ஏன் உக்காந்திருக்கீங்கன்னு சார் கேக்குறார். என்ன சொல்லட்டும்?"

"கால் வலிக்குதுன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை.