கொடிக்காரி வீட்டுக் காற்று

ஜெயித்தால் கொண்டுவரப்போகும் சட்டத்தைக் கட்சி அறிவித்த செவ்வாய்க்கிழமை காலையில் கொடிக்காரியின் வீட்டுக்குள் காற்று அடிக்கத் தொடங்கியது. தெருவில் இலை அசையவில்லை. கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தும் உள்ளே நாட்காட்டி படபடத்தது, தட்டுகள் உருண்டன. ஒரு வாரம் வாயைப் பிளந்து பார்த்த அக்கம்பக்கத்தார், மறுவாரம் கயிறும் ஈரத்துணியுமாக வந்து இறங்கிவிட்டார்கள்.

பகலில் ஆடை ஆலையில் தையல், மாலையில் கட்சிக்குக் கொடி தைப்பது என்று முப்பது வருஷம் ஓட்டியவள் அவள். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி என்று தொண்டை கிழியக் கத்திச் சிறைக்கும் போய் வந்தாள். அந்தக் கூலிதான் இப்போது சட்டமாக வரப்போகிறது. ஆனால் பிறந்தபோது பெண் என்று பதிவானவர் மட்டுமே பெண் என்றது சட்டத்தின் கடைசி வரி. அது பெண்களுக்குப் பாதுகாப்பு என்று மனதார நம்பியவர்கள், அவளோடு சிறைக்குப் போனவர்களிலும் இருந்தார்கள். அவளுடைய தங்கையோ தம்பியாகப் பிறந்தவள். ஆலையில் பக்கத்து இயந்திரம் அவளுடையது. பெண்கள் வாசலில்தான் இருவரும் சோதனைக்கு நிற்பார்கள். எதிர்க்கட்சி, கூலியைத் தரமாட்டேன், அந்த வரியை மட்டும் வைத்துக்கொள்வேன் என்றது. கொடிக்காரி கொடியைத் தைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

தேர்தலுக்கு முந்தின வாரம், காற்று அவள் சட்டைக் கையை ஊசிக்கடியில் தள்ளிவிட, கவனிக்காமல் கொடியோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். கொடி வாங்க வந்த கிளைச் செயலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தரியை எடுத்துச் சட்டைக் கையை வெட்டினாள். கொடியில் ஒரு கீறல் விழவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு வரிதானேக்கா. அதுக்காக முப்பது வருஷத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க," என்றார்.

அவர் போனதும் தங்கை அந்தச் சட்டையை ஒட்டுப்போட எடுத்துக்கொண்டாள். "எனக்காகப் பார்க்காதக்கா. கூலி வந்தா எத்தனை பேருக்கு நல்லது."

"உனக்காகன்னு யார் சொன்னா? பொம்பளைங்க எல்லாருக்கும்னுதான் நான் கேட்டேன். உன்னை வெளியே நிறுத்திட்டு எல்லாருக்கும்னு சொல்ல எனக்கு வாய் வரல."

வாக்குச்சாவடியில் கை பழக்கத்தில் சின்னத்தின் மேல் போய் நின்றது. அவள் கையை இழுத்துக்கொண்டு, முத்திரை குத்தாத சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டாள். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெற்றவரை வீட்டைவிட்டு அனுப்பியதுபோல் இருந்தது.

கட்சி அமோகமாக வென்றது. கூலி உயர்ந்தது, அவளுக்கும்தான். தங்கை இனி ஆண்கள் வாசலில் நிற்க வேண்டும் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை கொடிக்காரி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் போய் நின்றாள். காற்றும் வீட்டைக் காலி செய்துகொண்டு கூடவே வந்தது. காவலாளி, உங்க வரிசை அந்தப் பக்கம்மா என்றார். அவள் நகரவில்லை. அவர் தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இருவருக்கும் கதவைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வாசலுக்கு வருகிறவர்கள் சட்டைப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.