எம்ரிஸுக்குப் பதில் நான் போட்ட ஓட்டு

என் புருஷன் எம்ரிஸ் விழுந்த அன்று ஏணியைப் பிடித்திருக்க வேண்டியவள் நான். பிடிக்கவில்லை. "உன் கட்சிப் பலகையை மாட்ட நான் ஏணி பிடிக்கணுமா? வேற ஆளைப் பாரு" என்று சமையலறையிலிருந்தே கத்தினேன். அடுத்த நிமிடம் தடால் என்று சத்தம். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சிவப்புப் பலகை மட்டும் மாடி ஜன்னலுக்கு மேல் அழகாக, கோணாமல் இருந்தது.

எங்கள் வீட்டில் மாடி சிவப்பு, கீழ்த்தளம் நீலம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவன் உருக்காலைத் தொழிலாளி, சங்கத்துக்காரன். நான் கசாப்புக்கடைக்காரர் மகள். இந்தப் பள்ளத்தாக்கில் தெருவுக்குத் தெரு சிவப்பு. நீலத்துக்கு ஓட்டுப் போடும் குடும்பம் என் அப்பா வீட்டோடு சேர்த்து மூன்றோ நாலோ. என்னைக் கட்டிக்கொண்டதற்கு எம்ரிஸின் அம்மா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. இத்தனைக்கும் அந்த ஒரு வருடமும் எங்கள் கடையில்தான் இறைச்சி வாங்கினாள்.

முப்பத்தேழு வருடமாகத் தேர்தல் நாளன்று நாங்கள் கைகோத்துக்கொண்டு சேப்பல் என்கிற எங்கள் சின்னத் தேவாலயத்தை ஒட்டிய கூடத்துக்குப் போவோம். ஓட்டுப் போடும் மறைப்புத் தட்டிகளில் அவன் ஒன்றில், நான் பக்கத்துத் தட்டியில். என் ஓட்டால் அவன் ஓட்டை நான் அடிப்பேன், அவன் ஓட்டால் என் ஓட்டை அவன் அடிப்பான். திரும்பும் வழியில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு சண்டை போட்டபடியே வீட்டுக்கு வருவோம். "ரெண்டு பேரும் வீட்டுலயே இருந்தாலும் அதே கணக்குதானே?" என்று ஊரே கேலி செய்யும்.

ஒருமுறை டிசம்பரில் தேர்தல் வைத்தார்கள். கொட்டுகிற மழை. சரி, இந்த ஒரு தடவை இருவருமே போக வேண்டாம் என்று பேசி, கைகொடுத்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். நாலு மணிக்குப் பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான் எம்ரிஸ். அவன் தலை மறைந்ததும் தபால் போட்டுவிட்டு வருகிறேன் என்று காலி வீட்டிடம் சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். கூடத்து வாசலில் இருவரும் முட்டிக்கொண்டோம். "பால் இங்கயா விக்குது?" என்றேன். "தபால்பெட்டி எப்பருந்து சேப்பலுக்கு வந்துச்சு?" என்றான். அன்று ராத்திரி பால் இல்லாத டீதான்.

அந்த மனுஷன்தான் இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அறுவை முடிந்து ஆறு நாளாகிவிட்டது. சாப்பிடுவதில்லை, எழுந்து உட்காருவதில்லை. நடக்கப் பழக்க வரும் ரோட்ரி என்கிற பையன், தேர்தலுக்கு முந்தின நாள் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னான்.

"எலும்பு நல்லாத்தான் இருக்கு, மென்னா அம்மா. ஆனா இப்படியே படுத்துக் கிடந்தா நெஞ்சுல சளி கட்டிடும். இந்த வயசுல அது ரொம்ப ஆபத்து. எழுந்திரிக்கணும்னு அவருக்கே தோணணும். அதை எங்களால ஊசியில ஏத்த முடியாது."

எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். ரக்பி முடிவுகளைப் படித்தேன். ஆஸ்திரேலியாவிலிருக்கும் மகளை வீடியோவில் பேசவைத்தேன். வெங்காயத்தாள் சூப் வைத்துக் கொண்டுபோனேன். "அப்புறம்" என்பான். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே "அப்புறம்". ஒரு நாளைக்கு மூன்று பஸ் மாறிப் போய் வந்து என் கால் வீங்கியதுதான் மிச்சம்.

தேர்தல் நாள் காலை எனக்கு ஒரு நப்பாசை. ஆஸ்பத்திரியில் திடீரென்று சேர்க்கப்பட்டவர்கள் தங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்பி ஓட்டுப் போட வைக்கலாம். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, அன்று மாலை ஐந்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் கொடுத்தால் போதும். ஓட்டு என்றால் எழுந்து உட்காராமலா போய்விடுவான்? அதுவும் என் கையில் கொடுப்பதென்றால்?

"எம்ரிஸ், இன்னிக்குத்தான் தேர்தல்" என்றேன்.

"ம்."

"உனக்குப் பதில் நான் போய்ப் போடறேன். கையெழுத்துப் போடு."

போட்டான். சண்டையில்லை, சந்தேகமில்லை. மாரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் நர்ஸ் சாட்சிக்குக் கையெழுத்திட்டாள். பேனாவை வாங்கிக்கொண்டு, வாயைக் கிளறலாம் என்று கேட்டேன், "யாருக்குப் போடணும்?"

அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். "எங்க வேணா போடு, மென்னா. எல்லாம் ஒண்ணுதான்."

உருக்காலையை மூடிய நாளில்கூட அவன் அப்படிச் சொன்னதில்லை. அவன் அப்பா செத்துக் கிடந்தபோது, உள்ளூர்த் தேர்தலுக்கு ஓடிப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து அழுதவன் அவன். என் மனுஷன் போய்க்கொண்டிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

படிவத்தைக் கைப்பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். நகராட்சி அலுவலகத்தில் முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். அங்கிருந்து இன்னொரு பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன், நான் யாருக்குப் போடப் போகிறேன்? உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியவில்லை. வீட்டுக் கதவுக்கடியில் ஐந்து கட்சியின் துண்டுத்தாள்கள் கிடந்தன. எல்லாரும் ஆஸ்பத்திரியைச் சரிசெய்யப் போகிறார்கள். எல்லாரும் பஸ் விடப் போகிறார்கள். சிரித்தபடி நிற்கும் ஐந்து முகம். அவர்கள் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

கூடத்து வாசலில் எம்ரிஸின் கட்சிக்காரன் க்ளின் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், சட்டையில் சிவப்பு நாடாப்பூ. வருகிறவர்களின் வாக்காளர் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வது அவன் வேலை. நீலத்துக்கு எங்கள் ஊரில் நாற்காலி போட ஆள் கிடையாது.

"எம்ரிஸ் எப்படி இருக்கான்?"

"இருக்கான். அவனோட ஓட்டும் என் கையிலதான்."

க்ளின் பென்சிலைக் கீழே போட்டுவிட்டான். "கசாப்புக்கடைக்காரர் பொண்ணு கையிலயா? அடப்பாவி! மயக்க மருந்து குடுத்தா கையெழுத்து வாங்கின?"

வேறு நாளாக இருந்தால் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். "வாயை மூடிட்டு நம்பரை எழுது" என்று மட்டும் சொல்லி உள்ளே போனேன்.

ஓட்டுச்சீட்டு கொடுக்கும் மேஜையில் டெலித். நான் சமையல் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடம் என் கையால் மதியச் சாப்பாடு சாப்பிட்டவள். இருந்தும் "படம் போட்ட அட்டையைக் காட்டுங்க, மென்னா" என்றாள்.

"நான் யாருன்னு உனக்குத் தெரியாதா? கேரட்டை மேஜைக்கடியில ஒட்டிவைப்பியே, அது எனக்குத் தெரியும்."

"சட்டம், மென்னா. நான் என்ன செய்ய?"

பஸ் பாஸை எடுத்துக் காட்டினேன். அதிலிருக்கும் படத்தில் நான் செத்துப் பிழைத்தவள் மாதிரி இருப்பேன். டெலித் அதையும் என்னையும் பார்த்துவிட்டுப் பேசாமல் இரண்டு சீட்டு கிழித்துக் கொடுத்தாள். ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு.

தட்டிக்குள் போய் நின்றேன். நூலில் கட்டிய பென்சில். பக்கத்துத் தட்டி காலி. முப்பத்தேழு வருடமாக அங்கிருந்து ஒரு மூக்குறிஞ்சல் கேட்கும், பென்சிலை அழுத்திக் கீறும் சத்தம் கேட்கும். "மென்னா, கட்டத்துக்குள்ள போடு, வெளிய போனா செல்லாது" என்று வேண்டுமென்றே ஒரு கிண்டல் கேட்கும். இன்று ஒன்றுமில்லை.

அவன் சீட்டை முதலில் எடுத்தேன். எங்கே வேண்டுமானாலும் போடு என்றானே, போடலாம். இரண்டையும் நீலத்துக்குப் போட்டாலும் கேட்க நாதியில்லை. முப்பத்தேழு வருடத்தில் முதல்முறையாக நான் ஜெயிக்கலாம். ஒரு நொடிகூட யோசிக்காமல் சிவப்புக்குக் குறி போட்டேன். அது அவன் ஓட்டு. நான் திருடியில்லை.

என் சீட்டுதான் கஷ்டமாக இருந்தது. சிவப்புக்கே போட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. ஏணி பிடிக்காத பாவத்துக்கு ஒரு பரிகாரம். போய்ச் சொன்னால் சந்தோஷப்படுவான். பென்சிலை சிவப்புப் பெயருக்குப் பக்கத்தில் கொண்டுபோயும்விட்டேன். கை நின்றது. இப்படியெல்லாம் விட்டுக்கொடுப்பது யாருக்கு? செத்தவர்களுக்குத்தானே விட்டுக்கொடுப்போம்? அவர்கள் பாட்டைப் பாடுவோம், அவர்களுக்குப் பிடித்த பூவை வைப்போம், அவர்கள் சொன்னதெல்லாம் சரி என்போம். எம்ரிஸ் இன்னும் சாகவில்லை. அவன் இருக்கிறவரை அவன் ஓட்டை நான் அடிப்பேன். நீலத்துக்குக் குறி போட்டு, இரண்டு சீட்டையும் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை கிடைக்காமல் பஸ் பாஸ் உறையால் துடைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது ஆறு மணி. சூப் கிண்ணம் அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வாயில் வந்தது தானாக வந்தது.

"போட்டுட்டேன்" என்றேன். "ரெண்டையும் நீலத்துக்கு."

கழற்றிய காலணியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

"எங்க வேணா போடுன்னு நீதானே சொன்ன? போட்டுட்டேன். நல்லா அழுத்தி, கட்டத்துக்குள்ள."

தலை மெல்லத் திரும்பியது. "என்ன சொன்ன?"

"காது கேக்கலையா? எம்ரிஸ் ப்ரோசர் நீலத்துக்கு ஓட்டுப் போட்டாச்சு. வாசல்ல க்ளின்கிட்டயும் சொல்லிட்டேன். இந்நேரம் உங்க சங்கக் கிளப்பு முழுக்கத் தெரிஞ்சிருக்கும்."

"மென்னா, விளையாடாதே."

"விளையாட எனக்கு எங்கய்யா தெம்பு?"

"அடிப்பாவி!" முழங்கையை ஊன்றினான். "படுத்துக் கிடக்கறவன் ஓட்டைத் திருடிட்டு வந்து உக்காந்திருக்கியே! எங்கப்பா கல்லறைக்குள்ள புரளுவார்டீ! சங்கத்துல எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் நிப்பேன்?"

"நிக்கறதுக்கு முதல்ல எழுந்திரிக்கணும்."

"எழுந்திரிக்க மாட்டேன்னு நினைச்சியா? எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?"

"பத்து மணி வரைக்கும்."

"எடு அந்த நடக்கற சட்டத்தை! நானே போய் டெலித்கிட்டச் சொல்றேன். இது மோசடி, செல்லாதுன்னு சொல்றேன்!"

நடைச்சட்டத்தை அவன் முன்னால் தள்ளினேன். சத்தம் கேட்டு ஓடிவந்த மாரிசெல் அவன் கக்கத்தில் கைகொடுத்தாள். ஆறு நாளாக ரோட்ரி கெஞ்சியும் தரையில் வைக்காத காலைக் கீழே இறக்கினான். முகம் வெளுத்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றான். ஒரு அடி. என் அப்பாவைத் திட்டினான். இன்னொரு அடி. எங்கள் கடையைத் திட்டினான், எடைக்கல்லில் ஏமாற்றினோம் என்றான். மூன்றாவது அடியில் மூச்சு வாங்கியது.

மாரிசெல் என் காதருகே குனிந்தாள். "அவர்கிட்ட அப்படி என்னதான் சொன்னீங்க?"

அவனுக்கு வழிவிட நாற்காலியை ஒதுக்கினேன். கண்ணில் வடிவதைத் துடைக்கவும் தோன்றவில்லை. அவன் ஓட்டு அவன் கட்சிக்கே போய்ச் சேர்ந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிம்மதியாகக் கட்டிலில் போய்ச் சாய்ந்துவிடுவான்.

கதவுக்கு இன்னும் இரண்டடி இருந்தது. நடைச்சட்டத்தை இறுகப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சத்தியமாச் சொல்லு, மென்னா. என்னோடதையும் நீலத்துக்கா போட்ட?"

நான் சேப்பலுக்குப் போகிறவள். பொய்ச் சத்தியம் செய்ததே இல்லை.

"சத்தியமா" என்றேன்.

அவன் அடுத்த அடியை வைத்தான்.